வீட்டுக்குக் கூடாத பெருமூச்சுக்கு

பெருமூச்சே,

உனக்கு எவரும் மடல் எழுதி நான் கண்டதில்லை. மழைக்கும் நிலவுக்கும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். உன்னைக் கதைகளுக்குள் கூட்டி வருவதோ ஒரு சில்லறை வேலைக்கு. பாத்திரம் சோர்ந்துபோனதைக் காட்ட வேண்டும். "பெருமூச்சு விட்டாள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். நான் உனக்குப் பட்டிருக்கிற கடன் அந்த ஒற்றை வரிக்குள் அடங்காது. அதனால் நீட்டித்தான் எழுதப்போகிறேன். பக்கத்தில் நிற்கிறவர்களின் காதில் விழுந்தால் விழட்டும்.

பெருமூச்சே, எங்கள் வீட்டில் நீ விலக்கி வைக்கப்பட்டவள். "பெருமூச்சு விடாதை பிள்ளை, வீட்டுக்குக் கூடாது" என்று அம்மம்மா சொல்லுவா. விளக்கு வைக்கிற நேரத்தில் நீ வந்துவிட்டால் குற்றம் இரட்டிப்பு. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருப்பது, வாசற்படியில் குந்துவது, வெறும் கத்தரிக்கோலை வெட்டி விளையாடுவது என்று அவவிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் நீ முதல் ஆள். ஆகவே உன்னை விழுங்கப் பழகினேன். நெஞ்சுக்குள் நீ கிளம்புவது தெரியும். வாயை இறுக்கி மூடி, வந்த காற்றை மூக்கு வழியாகச் சிறுகச் சிறுக, களவாக, வெளியே அனுப்பிவிடுவேன். அம்மம்மாவுக்குப் பயந்து தொடங்கிய பழக்கத்தைப் பிறகு விமானங்கள் பொறுப்பேற்றன.

பெருமூச்சே, பங்கருக்குள் நீ எங்களோடு இருந்தாய். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை ஏற்றிய குழி அது. பொம்மர் பதிகிற சத்தம் கேட்டதும் "குப்புறப் படு, காதைப் பொத்து" என்பார்கள். மூச்சை நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை; அது தானாக நின்றது. பயந்த பிராணிகள் பலவும் அதைத்தான் செய்யும். தன் மூச்சின் சத்தமே காதை மறைத்துவிடும் என்று உடம்புக்குத் தெரியும், நிறுத்திவிட்டுக் கேட்கும். விமானம் பதிந்து எழுவதற்கும் குண்டு வெடிப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் எங்கள் குழிக்குள் காற்று அசையாது. வேறெங்கோ விழுந்து, நிலம் அதிர்ந்து அடங்கியபின், இருட்டுக்குள் யாரோ ஒருவர் முதலில் உன்னை விடுவார். பிறகு பக்கத்தில் இருப்பவர். பிறகு எல்லாரும். அந்த முதல் ஆள் பெரும்பாலும் அம்மம்மாதான். நிலத்துக்கு மேலே உனக்கு இருந்த தடை நிலத்துக்குக் கீழே இருக்கவில்லை.

பெருமூச்சே, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு நீ எங்கே போனாய்? யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுதும் போரால் வீடு விட்டு வெளிக்கிட்ட இரவு அது. ஏறத்தாழ 5 இலட்சம் பேர் என்று பின்னாளில் எழுதினார்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம், சனம், சனம். மழை வேறு. சைக்கிள் கரியரில் சட்டி பானை, சாக்குக்குள் கோழி, தோளில் குழந்தை. ஓர் அடி வைத்தால், அடுத்த அடிக்கு இடம் கிடைக்கும்வரை நிற்க வேண்டும். முன்னால் நின்றவரின் முதுகில் என் முகம் அழுந்தியிருந்தது. அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன்; அதை விட்டால் எல்லாமே போய்விடும் என்று இறுக்கினேன். கையோடு சேர்ந்து நெஞ்சும் இறுகியது. விடியத் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. எல்லாரும் விழுந்தபடி நித்திரை கொண்டார்கள். பங்கர் என்றால் அந்தக் கட்டத்தில் நீ வந்திருப்பாய். அன்று வரவில்லை. சேலைத் தலைப்பை விட்டுக் கை திறந்தது, நெஞ்சு திறக்கவில்லை.

பெருமூச்சே, அதற்குப் பிறகு நான் வளர்ந்தது காறை எலும்புக்குக் கீழே நாலு விரல் அளவு காற்றில். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியே இருக்கும். வயிறு உள்ளே இழுபட்டபடி. இரவெல்லாம் பல்லைக் கடித்து, காலையில் தாடை நோகும். அந்த நாலு விரல் காற்றோடுதான் பரீட்சை எழுதினேன், ஆசிரியையானேன், தாலி கட்டிக்கொண்டேன், பிள்ளை பெற்றேன். யாராவது படலையைத் தட்டினால் மூச்சு நிற்கும். லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தம், பள்ளிக்கூடத்தில் வாங்கு இழுபடுகிற சத்தம், தீபாவளி வெடி எல்லாவற்றுக்கும் நிற்கும். நின்றது எனக்கே தெரியாது. "சரியான அமைதியான பிள்ளை" என்று எல்லாரும் மெச்சினார்கள்.

பெருமூச்சே, நான் உன்னை மறந்திருந்த அந்த ஆண்டுகளிலும் நீ என்னை மறக்கவில்லை. இதைப் படித்துத்தான் அறிந்தேன். நுரையீரலுக்குள் 50 கோடி அளவில் சிற்றறைகள் இருக்கின்றன. உள்ளே ஈரம். சின்ன மூச்சாகவே விட்டுக்கொண்டிருந்தால் அங்கொன்று இங்கொன்றாகச் சுருங்கி, நனைந்த பொலித்தீன் பை மாதிரி ஒட்டிக்கொள்ளும். வழக்கமான மூச்சால் அதைப் பிரிக்க முடியாது. இரட்டிப்புக் காற்றோடு நீ வந்தால்தான் பிரியும். அதனால் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, கவலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நித்திரையிலும்கூட நீ வந்து போகிறாய். மயக்க மருந்து கொடுத்து, இயந்திரத்தால் ஒரே அளவான மூச்சு ஊட்டப்பட்ட நோயாளிகளின் குருதியில் ஒட்சிசன் குறைந்துபோவதை 1963 இல் அமெரிக்க வைத்தியர்கள் எழுதினார்கள். பிறகு செயற்கைச் சுவாச இயந்திரங்களுக்கே இடையிடையே பெருமூச்சு விடக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மம்மா இருந்திருந்தால் "ஆசுப்பத்திரிக்குக் கூடாது" என்று சொல்லியிருப்பா.

பெருமூச்சே, நீ பிறக்கிற இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். பிடரிக்கு உள்ளே, மூளைத்தண்டில், பிரீபொட்சிங்கர் தொகுதி என்று ஓர் இடம். மூச்சின் தாளம் அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதை 1991 இல் ஜாக் ஃபெல்ட்மனும் அவருடைய கூட்டாளிகளும் எழுதினார்கள். பெயரைப் பார்த்து ஏதோ பெரிய ஜெர்மன் பேராசிரியர் என்று நினைத்துவிடாதே; அது ஒரு வைன் போத்தலில் இருந்த பெயர், விருந்து மேசையில் வைத்துச் சூட்டியது. 2016 இல் ஃபெல்ட்மனும் மார்க் கிராஸ்னோவும் இன்னும் உள்ளே போனார்கள். எலிகளின் மூளைத்தண்டில் 200 அளவிலான நரம்புக்கலங்கள் உனக்கென்றே இருக்கின்றன. அவற்றின் தொடர்பைத் துண்டித்தால் எலி மூச்சுவிடும், பெருமூச்சு மட்டும் விடாது. இதைப் படித்த அன்று எனக்கு ஒரு சின்னப் பெருமை. வீட்டில் இடம் இல்லாதவளுக்கு மூளைக்குள் சொந்தக் காணி இருக்கிறது.

பெருமூச்சே, உன்னை நான் முகத்துக்கு முகம் சந்தித்தது ஓர் எக்ஸ்ரே அறையில். விசாவுக்கு மருத்துவச் சோதனை. (அந்தப் பயணம் பிறகு நடக்கவில்லை. நல்லதுதான்.) குளிர்ந்த பலகையில் நெஞ்சை அழுத்தி, நாடியை மேலே வைத்து நின்றேன். "மூச்சை நல்லா இழுத்துப் பிடியுங்கோ அம்மா" என்றார் எக்ஸ்ரே எடுக்கும் தம்பி. பிடித்தேன், அதில் எனக்கு நல்ல பயிற்சி. இயந்திரம் ஒலித்தது. "சரி, விடலாம்." நான் விடவில்லை. அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு திரும்பியபோது நான் பலகையோடு அப்படியே நின்றேன். "அம்மா, முடிஞ்சுது. விடுங்கோ." எனக்குக் கேட்டது, ஆனால் விடுவதற்கு எதை அசைக்க வேண்டும் என்று தெரியவில்லை. கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "ஒண்டுமில்லை அம்மா, எல்லாம் முடிஞ்சுது" என்றார். அப்போது நீ வந்தாய். தோள் குலுங்கி, முழங்கால் தளர்ந்து, ஒரு சத்தத்தோடு. நான் அழுகிறேன் என்று நினைத்து அவர் தண்ணீர் எடுக்க ஓடினார். முடிந்துவிட்டது என்று என் நெஞ்சுக்கு நேரே நின்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெருமூச்சே, உன்னைத் துரத்தாமல் இருக்கக் கற்றுத் தந்தவ ஓர் உளவளத்துணையாளர் அக்கா. பெயரைப் போட்டால் ஏசுவா. சனசமூக நிலைய மண்டபத்தில் பாய் விரித்து எங்களில் சிலரை இருத்தினா. "ஆழமா மூச்சு எடுங்கோ எண்டு நான் சொல்லப்போறதில்லை" என்பதுதான் அவவின் முதல் பேச்சு. எனக்கு ஏமாற்றம், அதற்குத்தானே வந்தோம்? காரணத்தைப் பிறகு சொன்னா. பதகளித்துப் போயிருப்பவர் காற்றை வேகமாக, ஆழமாக இழுத்தால் உடம்பிலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடும். தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் விறைக்கும், அதை மாரடைப்பு என்று நினைத்து இன்னும் பயப்படுவார். கண்ணை மூடவும் அவ சொல்லவில்லை. கண்ணை மூடினால் எங்களில் பலருக்கு எந்தப் படம் ஓடும் என்று அவவுக்குத் தெரியும். காலில் தொடங்கினா. "பாதத்தில எந்த இடம் நிலத்தில படுது?" குதி. பெருவிரலின் அடி. சீமெந்தின் குளிர். பிறகு இருக்கையின் பாரம். பிறகு மடியில் கிடந்த கை. முதல் நாள் மூச்சுவரைக்கும் நாங்கள் போகவேயில்லை.

பெருமூச்சே, அடுத்த முறை அவ சொன்னது, "எல்லாரும் பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்கோ." மண்டபம் முழுக்கச் சிரிப்பு. வாசலில் நின்ற காவலாளி வெளியே போகும்வரை காத்திருந்து, சேலைக்குள் கையை விட்டுத் தளர்த்தினோம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள பிரிமென்றகடு கீழே இறங்க வேண்டும். இறங்குவதற்கு வயிறு முன்னே இடம்விட வேண்டும். நாங்களோ வயிற்றைக் கட்டிவைத்திருந்தோம், சிலர் பயத்தால், எல்லாரும் நாடாவால். யோகா பற்றிய தடித்த புத்தகம் எதிலும் இந்த நாடா விஷயத்தை நான் காணவில்லை. எழுதியவர்கள் ஆண்களாக இருந்திருக்க வேண்டும்.

பெருமூச்சே, நாடா தளர்ந்த அந்தப் பின்னேரம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். கைக்குக் கீழே ஏதோ ஏறி இறங்கியது. என் உடம்புதான், ஆனால் நான் பயந்துவிட்டேன். "திருத்த வேண்டாம், பாத்துக்கொண்டு மட்டும் இருங்கோ" என்றா அக்கா. பார்த்துக்கொண்டு இருந்தேன். தாடை ஒருக்கால் விலகியது. தோள் ஒன்று இறங்கியது, மற்றது அடம்பிடித்தது. பிறகு வெகு ஆழத்திலிருந்து நீ கிளம்புவது தெரிந்தது. பழைய பழக்கத்தில் உதட்டை மூடினேன். "வரட்டும் தங்கச்சி" என்றா. வந்தாய். உனக்குப் பின்னால் பக்கத்துப் பாயிலிருந்து ஒன்று, சுவரோரம் ஒன்று. பங்கருக்குப் பிறகு அப்படிக் கூட்டமாக உன்னை நான் கேட்டதில்லை.

பெருமூச்சே, உன் கெட்டித்தனம் உன் வாலில் இருக்கிறது. காற்றை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. விடும்போது வேகஸ் நரம்பு அதைப் பிடித்துத் தளர்த்துகிறது. விடுகிற நேரம் நீள நீள, தளர்வும் கூடுகிறது. நெஞ்சைக் கட்டளை போட்டு அடக்க முடியாது, மூச்சை நீட்டலாம். அந்த ஒரு வழியாகத்தான் உள்ளே நுழைய முடிகிறது. எங்கள் சனம் இதைத் தெரியாமலா இருந்தது? ஒப்பாரி சொல்கிற கிழவி ஓர் அடியை ஒரே மூச்சில் இழுத்து, மூச்சு முடிகிற இடத்தில் குரலை வளைத்து இறக்குவா. செத்த வீட்டில் நீண்ட வெளிமூச்சை ஊரே சேர்ந்து விட்டது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. தப்பியவர்கள் பதுங்கு குழியில் மண் தள்ளி மூடிவிட்டு நடந்தார்கள். அந்த ஒப்பாரிகள் இன்னும் பல நெஞ்சுகளில் அப்படியே நிற்கின்றன.

பெருமூச்சே, போர் நடக்கும்போதே உன் பக்கம் நின்ற வைத்தியர்களும் எங்களிடம் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவம் பார்த்து, எங்கள் மனவடுக்களைப் பற்றி 1998 இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூலை எழுதிய தயா சோமசுந்தரம், மூச்சைக் கவனித்தல், தசைகளைத் தளர்த்துதல், சாந்தியாசனம் முதலிய பழைய முறைகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அதில் எனக்குப் பிடித்தது ஒரு மரியாதை. சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்குப் புத்தம் சரணம். அவரவர் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். எங்கள் மண்டபத்திலும் ஒரு பாயில் 'சிவ சிவ', அடுத்த பாயில் 'அருள் நிறைந்த மரியே'. 2001 இல் இத்தாலிய வைத்தியர் லூசியானோ பெர்னார்டி 23 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார். லத்தீன் செபமாலையைச் சொன்னாலும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு இறங்கி, இதயத்தின் தாளமும் அதோடு சேர்ந்துகொண்டதாம். கோயிலுக்கும் மாதாவுக்கும் நடுவில் உனக்குப் பேதம் இல்லை.

பெருமூச்சே, பிள்ளைகளுக்கு நீ செய்ததற்கும் நான் கடன்பட்டவள், ஆசிரியை என்ற முறையில். 2004 டிசம்பர் 26 கடல் வந்து சில வாரங்களில், வடகிழக்குக் கரையோர முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். அவர்கள் கடலுக்கு முன்பே போரைக் கண்டவர்கள். ஒரு பகுதியினருக்கு, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து கோவையாகச் சொல்லவைக்கும் முறை. மற்றவர்களுக்கு மூச்சும் தளர்வும் தியானமும். ஆளுக்கு 6 அமர்வுகள்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாம் குழுவில் 71 சதவீதமும் மனவடு நோயிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். எது வென்றது என்று சண்டை பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். இத்தனை சிறிய எண்ணிக்கையில் அந்த இடைவெளி பெரிதல்ல என்றுதான் ஆய்வாளர்களும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தவரை கதையும் நீயும் ஒருவரையொருவர் கூப்பிடுகிறீர்கள். சொல்லி முடித்த பிள்ளை உன்னை விடுகிறது. உன்னை விட்ட பிள்ளை சொல்லத் தொடங்குகிறது. அக்கரையிலும், தமிழ்நாட்டின் கரையோர முகாம்களில், சுனாமியில் தப்பிய 183 பேரோடு நடந்த மூச்சுப் பயிற்சி ஆய்வொன்று 2010 இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களின் துன்பம் 6 வாரத்தில் நன்றாகக் குறைந்திருந்தது, காத்திருந்தவர்களுக்கு அவ்வளவாகக் குறையவில்லை.

பெருமூச்சே, உன்னை எல்லாருக்கும் ஒரே வழியால் கூப்பிட முடியாது என்பதையும் அந்த மண்டபத்தில்தான் கண்டேன். எங்களோடு வந்த ஒரு மாமிக்கு மூச்சைக் கவனிப்பதே நஞ்சு. கவனித்த மாத்திரத்தில் புகை நாறுகிறது என்று எழும்பிவிடுவா. அக்கா இருக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. மாமி வெளியே போய் ஈர்க்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்குவா. வளைந்து இழுத்து, நிமிர்ந்து, வளைந்து இழுத்து. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவவின் முதுகு தெரியும். ஒரு கரையைக் கூட்டி முடித்து நிமிர்கிற இடத்தில், இடுப்பில் கை வைத்து, உன்னை விடுவா. ஒருவரும் கற்பிக்காமல். நிலைய முற்றம் அந்த நாட்களில் அவ்வளவு துப்புரவாக இருந்தது.

பெருமூச்சே, உன்னைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை விட்டு அகலாதது 2005 இல் வந்த ஓர் எலி ஆய்வு. ஒரு சமிக்ஞை கிடைத்தால் மின்னதிர்ச்சி வரும் என்று எலிக்குப் பழக்கினார்கள். இன்னொரு சமிக்ஞை கிடைத்தால் அதிர்ச்சி வராது என்றும் பழக்கினார்கள். பயந்து காத்திருக்கிற எலிக்கு அந்த இரண்டாவது சமிக்ஞை கிடைத்ததும், பெருமூச்சுகள் பல மடங்கு கூடின. ஆபத்து விலகிவிட்டது என்பதை உடம்பு உன் மூலமாக ஒப்புக்கொள்கிறது. எக்ஸ்ரே அறையில் அந்தத் தம்பி எனக்குத் தந்தது அந்த இரண்டாவது சமிக்ஞை.

பெருமூச்சே, அந்தச் சமிக்ஞை தரப்படாதவர்களும் இருக்கிறார்கள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய போராட்டத்தை நீ அறிவாய். பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாய்மார் விடுகிற பெருமூச்சு முடிவதில்லை, பாதியில் நின்று திரும்ப உள்ளே போகிறது. விடை கேட்டுக் கேட்டே பலர் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களிடம் போய் மூச்சுப் பயிற்சி செய்யுங்கோ, மனம் ஆறும் என்று சொல்லும் உத்தியோகத்தர்களை எனக்குப் பிடிக்காது. ஆபத்து விலகியதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்காமல் இருக்க, எலிக்குக் கிடைத்ததுகூடக் கிடைக்காத தாயை அமைதிப்படுத்தப் பார்ப்பது உன்னை வைத்து நடத்துகிற ஏமாற்று. உன் பெயரால் நடப்பதால் உன்னிடமே முறையிடுகிறேன்.

பெருமூச்சே, உனக்கு இப்போது வெளிநாட்டிலும் நல்ல மதிப்பு. ஸ்டான்போர்டில் உன்னை ஒரு பயிற்சியாக்கி 2023 இல் எழுதியிருக்கிறார்கள். மூக்கால் ஒருக்கால் இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. நாளுக்கு 5 நிமிடம், ஒரு மாதம். வேறு மூச்சு முறைகளோடும் தியானத்தோடும் ஒப்பிட்டபோது மனநிலையை உயர்த்தியதில் நீ முன்னுக்கு நின்றாய். அவர்கள் சோதித்தது போர் கண்டவர்களை இல்லை. ஆனாலும் நான் அந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. கடிகாரம் பார்த்து உன்னை வரவழைப்பது எனக்குக் கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். நீ சொல்லாமல் வந்தே பழக்கமானவள்.

பெருமூச்சே, நீ எனக்குத் தந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும், கூட்டிச் சொன்னால் உனக்கே பிடிக்காது. நான் இன்னும் திடுக்கிடுகிறேன். லொறி பின்னுக்கு எடுத்தால் மூச்சு நிற்கத்தான் செய்கிறது. ஆனால் நின்றது இப்போது எனக்குத் தெரிகிறது. நிலத்தில் குதியைத் தேடுகிறேன், தாடையை விடுகிறேன், வயிறு தானாக இளகுகிறது, கொஞ்ச நேரத்தில் நீ வந்துவிடுகிறாய். முன்பு ஒரு வெடிச் சத்தம் பின்னேரம்வரை எனக்குள் இருக்கும். இப்போது கரும்பலகையில் அடுத்த வரி எழுதுவதற்குள் போய்விடுகிறது. மகள் என் நெஞ்சில் தலை வைத்துப் படுக்கும்போது "அம்மா, உங்கட வயிறு ஆடுது" என்கிறாள். அவளுக்கு அது விளையாட்டு. ஆடட்டும்.

பெருமூச்சே, கேட்க இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில், அதிபர் சுற்றறிக்கை வாசித்துக்கொண்டிருக்கும்போது, நீ பலத்த சத்தத்தோடு வருகிறாய். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சுற்றறிக்கையைப் பற்றிய என் அபிப்பிராயம் அது என்று அதிபர் எடுத்துக்கொள்கிறார். போன கிழமை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரீச்சருக்கு ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டார். இல்லை சேர் என்றேன். வராதே என்று இனி உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அந்த அரை மணித்தியாலம் மட்டும் கொஞ்சம் குரலைக் குறைத்து வா.

உன்,
நன்றியுள்ள ரீச்சர்